மிக்கேலம்மாளின் நீராகாரம்

எங்கள் தெருவில் யாராவது காய்ச்சலில் படுத்தால் முதலில் வந்து நிற்பது டாக்டரும் இல்லை, சாமியாரும் இல்லை, மிக்கேலம்மாளின் தூக்குப்போசிதான். மூடி சரியாகப் பொருந்தாத அலுமினியப் பாத்திரம். அதன் லொடலொட சத்தம் தெருமுனையில் கேட்டதும், படுத்திருப்பவர்களில் பாதிப்பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். குணமாகி இல்லை, பயத்தில். படுத்த நிலையில் அகப்பட்டால் அவளே களியை உருட்டி வாயில் வைத்துவிடுவாள்.

பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மாதா கோயிலைச் சுற்றி இருந்தது எங்கள் ஊர். பக்கத்து ஊர்க்காரர்கள் கிறிஸ்தவர்களான எங்களை வேதக்காரர்கள் என்பார்கள். மற்றபடி அவர்களும் நாங்களும் தின்றது ஒரே கேழ்வரகுக் களிதான். மிக்கேலம்மாளுக்கு மனித உடம்பு என்றால் ஒரு வயிறு. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க இரண்டு கால், அதற்குள் போட இரண்டு கை. தலை எதற்கு இருக்கிறது என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. கண் வலியா, கால் முறிவா, மாமியாரோடு சண்டையா, எல்லாவற்றுக்கும் காரணம் வயிறு காலியாகக் கிடப்பதுதான். எதிரே வருகிறவர்களிடம் "எப்படி இருக்கறீங்க" என்று அவள் கேட்டதே இல்லை. "தின்னியா?" என்பாள். அதுதான் அவளுக்கு வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம்.

ஒருமுறை கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாருக்கு வயிற்றுப்போக்கு. மனிதர் கண் உள்ளே போய்ச் சுருண்டு கிடந்தார். மிக்கேலம்மாள் களியும் கொள்ளுக் குழம்பும் கொண்டு போனாள். "நிக்காம போவுதுங்கம்மா" என்று அவர் கும்பிட்டார். "போறது போவட்டும். அது போறதுக்கு மேல நாம உள்ள போட்டுக்கிட்டே இருந்தா அது எப்படி ஜெயிக்கும்?" என்றாள். உபதேசியார் பிழைத்துக்கொண்டார். அவருடைய உடம்பு கெட்டி என்று யாரும் சொல்லவில்லை, களி பிழைக்க வைத்தது என்றார்கள். பிழைத்தவர்கள் எல்லாரும் அவள் களியால் பிழைத்தவர்கள். செத்தவர்கள் சரியாகச் சாப்பிடாதவர்கள். இப்படி வைத்துக்கொண்டால் எந்த டாக்டரும் தோற்றுப்போவார்.

அவள் அரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். தாலியின் மஞ்சள் காயும் முன்பே புருஷன் செத்துவிட, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த கொஞ்ச நாளில் தாயும் போய்விட, தவழ்கிற தம்பி சவரி அவள் இடுப்பில் ஏறினான். அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று வாய்த்தது அந்தத் தம்பி ஒருவன்தான். அதை மட்டும் நான் கிண்டல் செய்யமாட்டேன்.

ஆனால் அவனை அவள் வளர்த்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பையனுக்குப் பல் முளைக்கும் முன்பே களி கொடுத்தாள். களிக்குப் பல் எதற்கு, அதை விழுங்கத்தானே வேண்டும். வளர்ந்தபின் அவன் பொம்மிடி குட்ஷெட்டில் மூட்டை தூக்கப் போனான். கல்யாணப் பந்தியில் அவன் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவனுக்குக் 'குடோன்' என்று பெயர் வைத்தது குட்ஷெட் ஆட்கள்தான். மிக்கேலம்மாளுக்கு அந்தப் பெயரில் பெருமை தாங்காது. பேரன் பெயர் சொல்வதுபோல் "எங்க குடோனு" என்று சொல்லித் திரிவாள். சவரியிடம் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்ற சொல் வராது. அந்தச் சொல்லே அவனுக்குத் தெரியாது என்று நாங்கள் கேலி செய்வோம்.

இவ்வளவு ஊட்டுகிறவள் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வந்தால் தான் ஒருவேளைதான் சாப்பிடுவாள். ஒருசந்தி, சுத்தபோசனம் எதையும் தவறவிட மாட்டாள். சுத்தபோசனம் என்றால் கறி கூடாது, மீன் தின்னலாம். ஒகேனக்கல்லிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் மீன்காரிக்கு எங்கள் தவசு காலம்தான் தீபாவளி. கறி கூடாது, மீன் கூடும் என்ற இந்தச் சட்டத்தை மிக்கேலம்மாள் வெகு ஆழமாக யோசித்து, மீன் தண்ணீருக்குள் இருக்கிறது, அதனால் அது கறியில் சேர்த்தி இல்லை என்று முடிவு கட்டியிருந்தாள். ஒரு வருஷம் பிரசங்கம் முடிந்ததும் சாமியாரை மடக்கினாள்.

"ஏஞ் சாமி, வாத்து எந்நேரமும் தண்ணிலதானுங்களே கெடக்குது. சுத்தபோசனத்துக்குத் திங்கலாங்களா?"

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எருமையும் தண்ணியிலதான் கெடக்குது மிக்கேலம்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. எருமையைப் பற்றியும் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனதாகத்தான் எனக்கு ஞாபகம். இந்த வாத்துக் கதையைச் சொல்லி ஊர் பல வருஷம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று அறுபத்தொன்பதாம் வருஷம் தெரிந்தது.

அந்த வருஷம் கோடை முன்னாலேயே வந்துவிட்டது. கிணறுகள் தரை தட்டின. குட்ஷெட் ஆட்கள் பக்கத்துக் குட்டைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். துணியில் தவளைக்குஞ்சு நிற்கும், கிருமி நிற்காது. தவசு காலம் தொடங்கிய சில நாட்களில் சவரிக்குக் காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறியது. இறங்கவே இல்லை. தலைவலி, நாக்கில் வெள்ளைப் படலம், வயிறு உப்பல். மிக்கேலம்மாள் அது வயிறு காய்ந்ததால் வந்த சூடு என்று சொல்லி முடிந்தவரை ஊட்டினாள். ராஜமேரிதான் பயந்துபோய் டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

ராஜமேரி சவரியின் மனைவி. அதிகம் பேசாதவள். கைக்குழந்தை சகாயமேரியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பாள். எங்கள் ஊரில் அது அபூர்வமான குணம். அவள் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனார் மிக்கேலம்மாளும் கூடவே போனாள், போசியோடு.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். வயிற்றை அமுக்காமல் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதித்து டைபாய்டு என்றார். இந்த மனிதர் பொறுமையாகச் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

"இது குடல்ல வர்ற ஜுரம். கிருமி தண்ணியோட உள்ளே போய், சிறுகுடல் முடியற இடத்துல உள்சுவர்ல உட்கார்ந்துக்கும். அந்த இடமெல்லாம் வீங்கும். அப்புறம் வீங்கின சதை செத்து உரிஞ்சு விழும். விழுந்த இடம் புண். அங்கே சுவர் காகிதம் கணக்கா ஆயிடும்."

சவரி காய்ச்சலிலும் யோசித்தான். "எலி கடிச்ச சாக்குங்களா டாக்டருங்க?"

"அதேதான்பா. தைக்கிற வரைக்கும் அதுல மூட்டை கட்டக்கூடாது. மாத்திரை கிருமியைக் கொல்லும், ஜுரம் இறங்கும். ஆனா ஜுரம் விட்டதும் புண் ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. பசி வரும். அந்தப் பசியை நம்பாதீங்க. பேதிக்குக் குடுக்கக்கூடாது. வயித்தை நீவக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் நீர் ஆகாரம் மட்டும்."

நீர் ஆகாரம். டாக்டர் நினைத்தது கஞ்சித் தண்ணீர், மோர், பழச்சாறு. ராஜமேரிக்கு அது அப்படியே புரிந்தது. மிக்கேலம்மாளின் காதில் விழுந்தது வேறு. எங்கள் பக்கம் நீராகாரம் என்றால் மிச்சக் களியை இரவில் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் வெங்காயத்தோடு குடிக்கிற புளித்த தண்ணீர். அடியில் களி கிடக்கும். கரைத்தும் குடிக்கலாம், கரைக்காமலும் விழுங்கலாம், அது அவரவர் விருப்பம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே மிக்கேலம்மாள் வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "டாக்டரே சொல்லிட்டாரு, நீராகாரம் குடுக்கச் சொல்லி. நான் இத்தன வருசமா சொல்றன், யாரு கேட்டா?"

"அது இல்லீங்க அண்ணி. தண்ணி மாதிரி இருக்கறத மட்டும் சொன்னாருங்க."

"தண்ணிக்குள்ள இருக்கறதும் தண்ணிதான் புள்ள. மீனு எப்படி கறி இல்லையோ அப்படி."

அன்றிலிருந்து ராஜமேரி அடுப்புப் பக்கத்தை விட்டு நகரவில்லை. வேளைக்கு மாத்திரை, வேளைக்குக் கஞ்சி வடித்த தண்ணீர். துணியில் வடிகட்டித்தான் கொடுப்பாள். போசி வரும்போதெல்லாம் வாசலிலேயே வாங்கி, "ஆவட்டுங்க அண்ணி, குடுக்கறேன்" என்று சொல்லி, பின்பக்கமாகக் கொண்டுபோய் ஆட்டுக்கு வைத்துவிடுவாள். அந்த வருஷம் அவர்கள் வீட்டு ஆடு கொழுத்த கொழுப்பை ஊரே பார்த்தது. மிக்கேலம்மாளும் பார்த்தாள்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரில் சும்மா வருவதில்லை. பன், பிஸ்கட், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, நோயாளிக்குக் கேட்கும்படி அதே காய்ச்சலில் செத்தவர்களின் கதைகளைச் சொல்லிவிட்டு, கொண்டு வந்த பன்னைத் தாங்களே காப்பியில் நனைத்துத் தின்றுவிட்டுப் போவார்கள். போகும்போது வாசலில் நின்று, "எப்படி இருந்த குடோனு, இப்பப் பாரு கோணிப்பை கணக்கா. புருசன இப்படியா பட்டினி போடுவா?" என்று ராஜமேரிக்குக் கேட்கும்படி ரகசியம் பேசுவார்கள். ராஜமேரி உள்ளே கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம், டாக்டர் போதும் என்று சொல்கிற வரை அந்த மனிதன் வயிற்றில் கெட்டியாக எதுவும் விழக்கூடாது. அதற்காக ஊர் என்ன பேசினாலும் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னபடியே காய்ச்சல் படிப்படியாக இறங்கியது, முழுக்க விடவில்லை. சொன்னபடியே பசியும் வந்தது. குடோனின் பசி சாதாரணப் பசியா? பக்கத்து வீட்டில் களி கிண்டும் துடுப்புச் சத்தம் கேட்டால் கண்ணீர் விடுவான். "ஒரே ஒரு உருண்டை ராஜமேரி. விழுங்கமாட்டேன், கையில வச்சுக்கறன்" என்று கெஞ்சுவான். அக்கா வந்தால் குழந்தைபோல் முறையிடுவான். தம்பி பசி என்று அழுது அவள் அதுவரை கேட்டதே இல்லை. அழ விட்டால்தானே கேட்பதற்கு. அதைக் கேட்டுவிட்டு அவளால் வீட்டில் தன் ஒருவேளைச் சோற்றைக்கூட உண்ண முடியவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் ஊர் முழுக்கக் கோயிலில் இருக்கும். வழிபாடு நீளம், அதற்குமேல் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை ஒவ்வொருவராக முத்தமிட்டு முத்தி செய்ய வேண்டும். ராஜமேரி அந்தத் தவசு காலம் முழுக்கக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அதுவும் ஊர்ப் பேச்சில் சேர்ந்திருந்தது. மிக்கேலம்மாள் வந்து நின்றாள்.

"போயி சுரூபத்த முத்தி செஞ்சு அவனுக்காவ வேண்டிக்கிட்டு வா புள்ள. வருசத்துல ஒரு நாளு. நான் ஒக்காந்து பாத்துக்கறன்."

ராஜமேரி தயங்கினாள். "கஞ்சித் தண்ணி வடிச்சு வச்சிருக்கறனுங்க அண்ணி. அது மட்டுந்தான். டாக்டரு நீர் ஆகாரம்தான்னு கண்டிசனா சொல்லியிருக்காரு."

"எனக்குத் தெரியாதா? நீராகாரத்தத் தவிர ஒண்ணும் குடுக்கமாட்டேன். இந்தப் பெரிய வெள்ளி மேல சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினாள். அன்று நடந்ததைப் பிற்பாடு அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், எதையும் மறைத்ததில்லை. போசியில் முந்தின நாள் களி தண்ணீருக்குள் முழுசாக முங்கிக் கிடந்தது. ஒரு பொரித்த மீன் துண்டும் இருந்தது, அதுவும் ஒகேனக்கல் தண்ணீரில் கிடந்ததுதான். சட்டப்படி எல்லாம் சரி. தம்பியைத் தூக்கித் தோளில் சாய்த்து, உருட்டி உருட்டி வாயில் வைத்தாள். சவரி மெல்லாமல் விழுங்கினான். விழுங்கும்போது இரண்டு பேரும் அழுதார்களாம். போசி காலியானதும் அவன், "இப்பத்தாங்க்கா உசுரு வந்துச்சு" என்றான்.

கோயிலில் சுரூபம் முத்தி நடந்துகொண்டிருந்தபோது அவனுக்கு வலி வந்தது. தொப்புளுக்குக் கீழே, வலப்பக்கம், கத்தியால் குத்தினதுபோல். கொஞ்ச நேரம் முழங்காலை மடக்கிக்கொண்டு துடித்தான். பிறகு துடிப்பதை விட்டு அசையாமல் படுத்தான். உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர்ந்துவிட்டது. மிக்கேலம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் சூடு ஆறாத நெற்றி பானைத் தண்ணீராக இருந்தது. அவள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"காய்ச்ச விட்டுருச்சு. ஜில்லுனு ஆயிட்டான். ஒரு போசி நீராகாரம், ஒரே போசி" என்று கோயிலிலிருந்து திரும்புகிற கூட்டத்திடம் சொன்னாள். கூட்டம் வீட்டுக்குள் நுழைந்தது. ஆளாளுக்கு நெற்றியைத் தொட்டார்கள். ஆண்டவர் மூன்று மணிக்கு உயிர்விட்டார், இவன் காய்ச்சலும் அதே நேரத்துக்கு விட்டது பாருங்கள் என்று உபதேசியார் அர்த்தம் சொன்னார். நானும் தொட்டுப் பார்த்து, "ஆமா, சுத்தமா இல்ல" என்றேன். ஒரு பெண் சந்தோஷத்தில் அழுதாள். நாடி என்று ஒன்று கையில் இருக்கிறது, அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு முட்டாள்களாக இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

ராஜமேரி கடைசியில் வந்தாள். கூட்டத்தை விலக்கிக் கட்டிலோரம் குனிந்தாள். போசி காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பசிக்குதுங்களா? கொஞ்சம் ஏதாச்சும் தரட்டுங்களா?"

"வேணாம்" என்றான் சவரி.

 அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. ராஜமேரி போர்வையை நீக்கி வயிற்றில் கை வைத்தாள். பலகையாக விறைத்துக் கிடந்தது. "வண்டி கட்டுங்க" என்று கத்தினாள். அவள் குரல் அவ்வளவு பெரிதென்று அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து ஊர் வண்டிக்காரர் மாது தன் மாட்டுவண்டியைக் கொண்டு வந்தார். குட்ஷெட் ஆட்கள் கட்டிலோடு தூக்கி வைத்தார்கள். டவுனில் டாக்டர் வயிற்றைப் பார்த்ததும் உட்காரக்கூட இல்லை, தன் காரிலேயே சேலத்துக்கு அனுப்பினார். அங்கே வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். புண் இருந்த இடத்தில் குடல் ஓட்டையாகி, உள்ளே இருந்ததெல்லாம் வயிற்றுக்குள் கொட்டியிருந்தது. வயிறு முழுக்க அழற்சி, சீழ் கட்டத் தொடங்கி விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. உடம்பு குளிர்ந்தது காய்ச்சல் விட்டதால் அல்ல, உயிர் விடத் தொடங்கியதால். ஓட்டையைத் தைத்தார்கள். அந்தச் சாக்குக்கு அதற்குமேல் தையல் பிடிக்கவில்லை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு ஊர் மணி அடித்தபோது சவரியின் உடலை ஏற்றிக்கொண்டு வண்டி வந்துகொண்டிருந்தது.

டாக்டர் நல்லவர். அடக்கத்துக்குப் பிறகு மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க ராஜமேரி போனபோது கூடப் போன மிக்கேலம்மாளின் முகத்தைப் பார்த்திருக்கிறார். இரக்கப்பட்டு, "இந்த ஜுரத்துல சிலருக்கு எதுவுமே சாப்பிடாமலும் ஓட்டை விழும். களியாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அது பொய்யில்லை. ஆனால் அதை மிக்கேலம்மாள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள்.

"டாக்டரே சொல்லிட்டாரு, களியால இல்லன்னு. பட்டினி போட்டுப் போட்டுக் கொடலு காஞ்சு வெடிச்சுருச்சு. என் தம்பி சாவறப்ப வவுறு நெறஞ்சுதான் செத்தான். அது நான் குடுத்தது."

ஊரும் அதை ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாவிட்டால், நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாங்கள் எல்லாரும் யார் என்ற கேள்வி வரும் அல்லவா? பேசாத ராஜமேரி தலையில் கட்டிவிடுவது எல்லாருக்கும் வசதி. அவள் அதையும் வாங்கிக்கொண்டு, களத்து வேலைக்குப் போய்க் குழந்தையை வளர்த்தாள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஒன்று மட்டும் யாரும் கவனிக்கவில்லை. வாய் இவ்வளவு பேசியதே தவிர, மிக்கேலம்மாளின் போசி அதன்பின் தெருவில் வரவில்லை. யாராவது காய்ச்சலில் படுத்தால் போய் வாசலில் நிற்பாள், வெறுங்கையோடு திரும்புவாள். எதிரே வந்தால் "தின்னியா?" என்று கேட்பதும் நின்றுபோனது. வயதாகிவிட்டது, அடங்கிவிட்டாள் என்றார்கள்.

எழுபத்தேழில் சகாயமேரிக்கு டைபாய்டு வந்தது. பள்ளிக்கூடம் போகிற பெண், அப்பனின் முகம், அப்பனின் பசி. ராஜமேரி இந்த முறை அரூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே இளவயது லேடி டாக்டர். மாத்திரை கொடுத்துவிட்டு, "பட்டினி போடாதீங்க. புண்ணு ஆற உடம்புல சத்து வேணும். சோத்தை நல்லாக் குழைய வடிச்சு மோர் ஊத்திப் பிசைஞ்சு குடுங்க, இட்லி குடுங்க. காரமும் கெட்டியும் மட்டும் வேண்டாம்" என்றார். காலம் மாறி வைத்தியமும் மாறியிருந்தது.

வாழ்நாளெல்லாம் "டாக்டரே சொல்லிட்டாரு" என்று சொல்லி ஊட்டியவளுக்கு, கடைசியில் ஒரு டாக்டர் நிஜமாகவே ஊட்டச் சொன்னார். மிக்கேலம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? "டாக்டரு சொல்லுவாரு" என்றாள். சொல்லிவிட்டு ராஜமேரி வீட்டு வாசலில் விளக்குமாற்றோடு உட்கார்ந்துவிட்டாள். பன் கொண்டு வந்தவர்கள் பன்னோடு திரும்பினார்கள். ஹார்லிக்ஸ் கொண்டு வந்த உபதேசியாருக்கும் அதே மரியாதைதான். ராஜமேரி வடிக்கிற கஞ்சியை வாங்கி, தன் சேலைத் தலைப்பில் இன்னொரு முறை வடிகட்டுவாள். ஒரு பருக்கை தப்பி வந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிள்ளை பசி என்று அழுதால், "அழு. அழுவறதுக்கு உசுரு வேணும், அது இருக்குதில்ல" என்பாள். எங்கள் தெருவே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்தமுறை காட்டப் போனபோது பிள்ளை இளைத்திருப்பதைப் பார்த்து டாக்டர் கடிந்துகொண்டார். "சாப்பாடு குடுக்காம நீங்களே கொன்னுடுவீங்க போலிருக்கு" என்றார். கூடப் போயிருந்த மிக்கேலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். 

வீட்டுக்கு வந்ததும் ராஜமேரி சோற்றைக் குழைய வடித்தாள். மோர் ஊற்றி விரலால் மசித்துத் தட்டில் வைத்தாள். மிக்கேலம்மாள் எழுந்து வாசலுக்குப் போய், உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மருந்து வாங்கி வந்து கொடுத்துவிட்டு நான் தயங்கிக்கொண்டு வாசலோரமாக நின்றேன். உள்ளே ஒவ்வொரு வாய்க்கும் வெளியிலிருந்து குரல் போயிற்று.

"வவுறு வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்க அத்த."

"நெசமா சொல்லு. வலிக்குதா?"

"இல்லீங்க அத்த."

தட்டு காலியான சத்தம் கேட்டது. அதன்பின் உள்ளே பேச்சு இல்லை. மிக்கேலம்மாள் எழுந்து நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் உள்ளே வைத்திருந்தாள். பிள்ளை என்ன சொல்லப்போகிறது என்பதற்காக அவள் காத்திருந்த முகத்தை நான் எதிரில் நின்று பார்த்தேன். அத்தனை வருஷம் பேசின பேச்சில் ஒன்றுகூட அந்த முகத்தில் இல்லை.

"போதுமா கண்ணு?" என்றாள் ராஜமேரி.

"இன்னுங் கொஞ்சம் வேணும்மா."

மிக்கேலம்மாள் நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். சவரியைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.  ராஜமேரி உள்ளேயிருந்து தட்டை அவள் பக்கம் நீட்டி, "உள்ள வாங்க அண்ணி, இந்தத் தடவ நீங்களே ஊட்டுங்க" என்றாள்.

"வேணாம் புள்ள" என்றாள் மிக்கேலம்மாள். "உன் கையாலயே குடு. என் கை வேணாம்."

ராஜமேரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சட்டியிலிருந்து இன்னொரு கரண்டி சோறு போட்டுப் பிசையத் தொடங்கினாள்.